பீட்சாவுக்கு வரவேற்பு, சுட்டவருக்குக் கதவடைப்பு: அமெரிக்கச் சாப்பாட்டை இத்தாலியர்கள் மாற்றிய கதை

இந்தியாவில் பீட்சாவை ஊர் ஊராகக் கொண்டுபோன நிறுவனங்கள் எவை என்று கேட்டால், யோசிக்காமல் பதில் சொல்வீர்கள்: டோமினோஸ், பீட்சா ஹட். இரண்டும் இந்தியாவில் முதல் கடை திறந்தது 1996ல். இரண்டுமே இத்தாலி நிறுவனங்கள் கிடையாது. பீட்சா ஹட், 1958ல் அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் விசிட்டா நகரத்தில் கார்னி சகோதரர்கள் தொடங்கியது. டோமினோஸ், 1960ல் மிச்சிகன் மாநிலத்தில் மோனகன் சகோதரர்கள் தொடங்கியது. இந்த நான்கு பேரில் ஒருவர்கூட இத்தாலியர் இல்லை.

அப்படியானால் நேப்பிள்ஸ் நகரத்து ஏழைகளின் தெருவோரச் சாப்பாடு, அமெரிக்காவின் நடுவில் இருக்கும் கோதுமை நாட்டுக்கு எப்படிப் போனது? அங்கிருந்து உலகம் முழுக்க எப்படிப் பரவியது?

சுருக்கமாகச் சொன்னால், பிழைப்பு தேடி அமெரிக்காவுக்குப் போன லட்சக்கணக்கான இத்தாலியக் கூலித் தொழிலாளர்கள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். ஆனால் இந்தக் கதையில் ஒரு முரண் இருக்கிறது. அமெரிக்கர்கள் ஸ்பகெட்டியை விரும்பிச் சாப்பிட ஆரம்பித்த அதே காலத்தில்தான், இத்தாலியர்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று சட்டம் போட்டார்கள். இரண்டும் எப்படி ஒரே சமயத்தில் நடந்தது? கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

வந்தவர்கள் யார்?

1880க்கும் 1924க்கும் இடையில் 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியர்கள் அமெரிக்காவுக்கு வந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பேர் தெற்கு இத்தாலியையும் சிசிலித் தீவையும் சேர்ந்தவர்கள்.

இத்தாலி ஒரே நாடாக இணைந்ததே 1861ல்தான். அந்த இணைப்பால் தெற்குப் பகுதி விவசாயிகளுக்குப் பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. நிலம் ஜமீன்தார்கள் கையில் இருந்தது. வரி மட்டும் ஏறியது. தானியத்தை மாவாக அரைப்பதற்குக்கூட 1880கள் வரை வரி கட்ட வேண்டியிருந்தது. மலேரியா, திராட்சைத் தோட்டங்களை அழித்த பூச்சி நோய், 1908ல் மெசினா நகரத்தைத் தரைமட்டமாக்கிய நிலநடுக்கம் என்று அடி மேல் அடி.

வந்தவர்களில் பெரும்பாலானோர் இளைஞர்கள், ஆண்கள். 'நாலு வருஷம் சம்பாதித்து ஊருக்குத் திரும்பி நிலம் வாங்கலாம்' என்ற கணக்கோடு வந்தவர்கள். நிறைய பேர் அப்படியே திரும்பியும் போனார்கள். மீதிப் பேர் ரயில் பாதை போட்டார்கள், சுரங்கத்தில் இறங்கினார்கள், நியூயார்க்கின் சப்வே பள்ளங்களைத் தோண்டினார்கள்.

இன்னொரு விஷயம். இவர்கள் யாரும் தங்களை 'இத்தாலியர்' என்று நினைத்துக்கொண்டு கப்பல் ஏறவில்லை. ஒருவர் நேப்பிள்ஸ்காரர், ஒருவர் சிசிலிக்காரர், ஒருவர் கலாப்ரியாக்காரர். பேச்சு வேறு, சமையல் வேறு. அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கிய பிறகுதான், எல்லோருக்கும் சேர்த்து 'இத்தாலியன்' என்ற ஒரே பெயர் கிடைத்தது.

ஊரில் என்ன சாப்பிட்டார்கள்?

இங்கேதான் பலருக்கு ஆச்சரியம். நாம் இன்று 'இத்தாலியன் ஃபுட்' என்று சொல்லும் பல பண்டங்களை இந்த மக்கள் சொந்த ஊரில் அன்றாடம் சாப்பிட்டதே இல்லை.

தெற்கு இத்தாலியின் கிராமத்துக் கூலிக்காரர் வீட்டில் தினசரிச் சாப்பாடு என்றால் முரட்டு ரொட்டி, அவரைப் பயறு, காட்டுக் கீரை, வெங்காயம். கறி என்பது வருடத்தில் சில நாள், பண்டிகைக்கு மட்டும். கடையில் வாங்கும் பாஸ்தாகூட பல கிராமங்களில் விசேஷ நாள் சமாச்சாரம்தான். நல்ல கோதுமையும் சீஸும் ஆலிவ் எண்ணெயும் அவர்கள் உழைப்பில்தான் விளைந்தன. ஆனால் போய்ச் சேர்ந்தது நிலக்காரர் வீட்டுக்கு.

அதாவது, பணக்காரர் வீட்டு மேசையில் என்ன இருக்கும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். எட்டவில்லை, அவ்வளவுதான். வரலாற்றாய்வாளர் ஹேசியா டைனர், அமெரிக்கக் குடியேறிகளின் பசியைப் பற்றி எழுதிய நூலில் இதைத்தான் அழுத்திச் சொல்கிறார்: இத்தாலியர்கள் அமெரிக்காவில் சமைத்தது விட்டுவந்த ஊரின் அன்றாடச் சாப்பாட்டை அல்ல, ஊரில் கிடைக்காமல் போன சாப்பாட்டை.

'இத்தாலிய உணவு' அமெரிக்காவில் பிறந்தது எப்படி?

அமெரிக்காவில் சம்பளம் குறைவு, வேலை கடினம், தங்குமிடம் மோசம். ஆனால் ஒன்று மட்டும் மலிவு: சாப்பாட்டுச் சாமான். முக்கியமாக மாவும் கறியும்.

ஸ்பகெட்டி வித் மீட்பால்ஸ் இதற்குச் சரியான உதாரணம். இத்தாலியில் கறி உருண்டை உண்டு. நம் கோலா உருண்டை போலச் சின்னதாக, தனியாகப் பரிமாறுவார்கள். அமெரிக்காவில் கறி தாராளமாகக் கிடைத்ததும் உருண்டை பெரிதானது. தக்காளிக் குழம்பில் ஊறியது. ஸ்பகெட்டியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. இன்றைக்கும் இத்தாலிக்குப் போய் இதைக் கேட்டால், சர்வர் உங்களைக் கொஞ்சம் விநோதமாகத்தான் பார்ப்பார்.

சிக்கன் பார்மேசானும் அப்படித்தான். தெற்கு இத்தாலியில் கத்தரிக்காயை வறுத்துத் தக்காளியும் சீஸும் அடுக்கிச் செய்வது வழக்கம். அமெரிக்காவில் கத்தரிக்காய் இருந்த இடத்துக்குக் கறியும் கோழியும் வந்தன.

இந்தக் கலவை நடந்த முக்கியமான இடம் எது தெரியுமா? தங்கும் விடுதிகள். தனியாக வந்த ஆண்களைக் குடும்பஸ்தர்கள் தங்கள் வீட்டில் வாடகைக்கு வைத்துக்கொண்டார்கள். அந்த வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் சேர்த்துச் சமைத்தார்கள், கிட்டத்தட்ட ஒரு மெஸ் மாதிரி. ஒரே பந்தியில் நேப்பிள்ஸ்காரரும் சிசிலிக்காரரும் உட்கார்ந்தார்கள். ஊர் ஊராகப் பிரிந்து கிடந்த சமையல்கள் அங்கே ஒன்றாகக் கலந்தன. இப்படிப்பட்ட சமையலறைகள் சில பின்னால் சின்ன ஹோட்டல்களாக மாறின. வரலாற்றில் ஹோட்டல் முதலாளிகளின் பெயர்தான் பதிவாகியிருக்கிறது. அடுப்படியில் நின்ற பெண்களின் பெயர்கள் பெரும்பாலும் இல்லை.

பீட்சாவும் இதே வழியில் வந்ததுதான். நியூயார்க்கின் ஸ்ப்ரிங் தெருவில் இருக்கும் லொம்பார்டிஸ் கடை, 1905ஐத் தன் தொடக்க ஆண்டாகச் சொல்லிக்கொள்கிறது. 1925ல் நியூ ஹேவன் நகரத்தில் ஃபிராங்க் பெப்பே தன் கடையைத் திறந்தார். பேக்கரியில் ரொட்டி சுடும் அதே பெரிய நிலக்கரி அடுப்பில்தான் பீட்சாவும் சுட்டார்கள். பல வருடங்களுக்கு அது இத்தாலியர் தெருக்களைத் தாண்டிப் போகவில்லை.

அமெரிக்கர்கள் முதலில் என்ன சொன்னார்கள்?

முகம் சுளித்தார்கள். பூண்டு வாசனை என்பதே இத்தாலியர்களைக் கேலி செய்யும் வார்த்தையானது.

அக்கறையோடு வந்தவர்களும் இருந்தார்கள். சமூக சேவகர்கள், சத்துணவு நிபுணர்கள், பள்ளி ஆசிரியர்கள். அவர்கள் இத்தாலியர் வீடுகளுக்குப் போய், பூண்டைக் குறையுங்கள், எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுச் சமைக்காதீர்கள், இறக்குமதி சீஸுக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் காசைக் கொட்டாதீர்கள், பால் குடியுங்கள் என்று பாடம் எடுத்தார்கள். ஒரு குடும்பம் இன்னும் ஸ்பகெட்டிதான் சாப்பிடுகிறது என்றால், அது இன்னும் 'அமெரிக்கமயமாகவில்லை' என்று பொருள். கீரையும் பயறும் ஆலிவ் எண்ணெயும் சேர்ந்த இதே உணவுமுறையைத்தான் இன்று 'மெடிட்டரேனியன் டயட்' என்று டாக்டர்கள் பரிந்துரைக்கிறார்கள்.

வெறுப்பு கேலியோடு நிற்கவில்லை. லூசியானா மாநிலத்தின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சிசிலிக்காரர்கள் ஏராளம். கரும்புத் தோட்டத்திலும் துறைமுகத்திலும் பழ வியாபாரத்திலும் இருந்தார்கள். 1890ல் அந்த நகரத்தின் போலீஸ் தலைவர் டேவிட் ஹென்னஸி சுட்டுக் கொல்லப்பட்டார். பழி இத்தாலியர்கள் மேல் விழுந்தது. விசாரணையில் ஒருவரைக்கூடக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொல்லவில்லை. மறுநாள், 1891 மார்ச் 14 அன்று, ஆயிரக்கணக்கானோர் திரண்டு வந்தார்கள். சிறைக்குள் புகுந்து 11 இத்தாலியர்களைக் கொன்றார்கள். இதற்காக நியூ ஆர்லியன்ஸ் மேயர் அதிகாரபூர்வமாக மன்னிப்புக் கேட்டது 2019ல். 128 வருடங்கள் கழித்து.

இப்போது அதே ஊரின் இன்னொரு தேதியைப் பாருங்க. 1906ல், சால்வதோர் லூபோ என்ற சிசிலிக்காரர் அங்கே சென்ட்ரல் குரோசரி என்ற மளிகைக்கடையைத் திறந்தார். வட்ட ரொட்டிக்குள் சீஸ், கறித் துண்டுகள், ஆலிவ் ஊறுகாய் வைத்து அவர் விற்ற முஃபலெட்டா சாண்ட்விச், இன்றைக்கு நியூ ஆர்லியன்ஸின் அடையாளங்களில் ஒன்று. அந்தப் படுகொலைக்கும் இந்தச் சாண்ட்விச்சுக்கும் இடையில் வெறும் 15 வருடங்கள்.

பிறகு எப்படிப் பிடித்துப்போனது?

ஒரே ராத்திரியில் யாருக்கும் ருசி மாறிவிடவில்லை. நான்கு காரணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

முதல் காரணம், முதல் உலகப் போர். இத்தாலி அப்போது அமெரிக்காவின் கூட்டாளி. போர்முனைக்குக் கறி தேவைப்பட்டதால், வீடுகளில் கறியைக் குறைக்கச் சொல்லி அரசு பிரசாரம் செய்தது. கறி இல்லாமல் வயிறு நிறையச் சாப்பிட என்ன வழி? தக்காளிக் குழம்பு ஊற்றிய ஸ்பகெட்டி. இத்தாலியிலிருந்து வந்த பாஸ்தா போரால் தடைப்பட்டதும், அமெரிக்காவிலேயே பாஸ்தா தொழிற்சாலைகள் பெருகின.

இரண்டாவது, மதுவிலக்கு. 1920 முதல் 1933 வரை அமெரிக்கா முழுக்க மது விற்பனைக்குத் தடை. ஆனால் வீட்டுத் தேவைக்கு வருடத்துக்கு 200 காலன் வரை பழரசம் தயாரிக்கச் சட்டத்தில் இடம் இருந்தது. இத்தாலியக் குடும்பங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து ரயிலில் திராட்சை வரவழைத்தன. ரசம் எப்படியோ ஒயின் ஆனது. இத்தாலியர் ஹோட்டலுக்குப் போனால், காப்பிக் கோப்பையில் ஒயின் கிடைக்கும் என்ற செய்தி பரவியது. ஒயினுக்காகப் போனவர்கள் ஸ்பகெட்டிக்கும் பழகினார்கள்.

மூன்றாவது, 1929ல் தொடங்கிய பொருளாதார மந்தம். வேலை இல்லை, கையில் காசு இல்லை. ஒரு குடும்பத்துக்கே வயிறு நிரப்பும் மலிவான சாப்பாடு என்ற இடத்தைப் பாஸ்தா பிடித்தது.

நான்காவது, தகர டப்பா. வடக்கு இத்தாலியின் பியாசென்சாவில் பிறந்த எட்டோரே பொயார்தி என்ற சமையல்காரர், ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாண்டில் ஹோட்டல் நடத்தினார். அவருடைய சாஸ் பிடித்துப்போன வாடிக்கையாளர்கள் வீட்டுக்கும் வேண்டும் என்று கேட்க, பால் பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். 1928ல் அதுவே கம்பெனியானது. தன் பெயரை அமெரிக்கர்களால் சரியாக உச்சரிக்க முடியவில்லை என்பதால், 'செஃப் பாய்-ஆர்-டீ' என்று பிரித்து லேபிளில் போட்டார். சமையல்காரர் தொப்பியோடு சிரிக்கும் அவர் முகம் அமெரிக்கச் சமையலறை அலமாரிகளில் ஏறியது.

தட்டில் மட்டும்தான் மாற்றமா?

இல்லை. வயலிலும் சந்தையிலும் வங்கியிலும் மாற்றம் நடந்தது.

அமெரிக்கக் குழந்தைகள் சாப்பிட அடம்பிடிக்கும் பிராக்கொலியை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நாடு முழுக்க விற்கும் காய்கறியாக்கியதில், சிசிலியின் மெசினா பகுதியிலிருந்து வந்த டி'அரிகோ சகோதரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 1920களில் கலிஃபோர்னியாவில் பயிரிட்டு, ஐஸ் வைத்த ரயில் பெட்டிகளில் ஏற்றி, நாட்டின் மறு முனையான பாஸ்டனுக்கு அனுப்பினார்கள். முதலில் வாங்கியவர்கள் அங்கிருந்த இத்தாலியக் குடும்பங்கள்தான்.

வறுத்த வேர்க்கடலையைப் பாக்கெட்டில் விற்ற பிளான்டர்ஸ் நிறுவனத்தை 1906ல் தொடங்கியவர் அமெடியோ ஒபிசி, இத்தாலியிலிருந்து சிறுவனாக வந்தவர். மதுவிலக்கு முடிந்த 1933ல் ஒயின் ஆலை தொடங்கிய கேலோ சகோதரர்களும், 1966ல் நாப்பா பள்ளத்தாக்கில் தன் ஆலையைத் தொடங்கிய ராபர்ட் மொண்டாவியும் இத்தாலியக் குடியேறிகளின் பிள்ளைகள்.

1904ல், காய்கறி வியாபாரப் பின்னணியிலிருந்து வந்த ஏ. பி. ஜியானினி, சான்ஃபிரான்சிஸ்கோவில் பாங்க் ஆஃப் இட்டலியைத் தொடங்கினார். மற்ற வங்கிகள் கண்டுகொள்ளாத சிறு வியாபாரிகளுக்கும் விவசாயிகளுக்கும் கடன் கொடுத்தது அந்த வங்கி. உங்களில் சிலர் அதன் அலுவலகத்தில் வேலையே பார்த்திருக்கலாம். 1930ல் அது பெயர் மாற்றிக்கொண்டது: பாங்க் ஆஃப் அமெரிக்கா.

1924: ஸ்பகெட்டி வரலாம், நீங்கள் வரக்கூடாது

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதுதான், 1924ல் அமெரிக்க நாடாளுமன்றம் ஜான்சன்-ரீட் சட்டம் என்ற குடியேற்றச் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்தச் சட்டத்தின் கணக்கு தந்திரமானது. 1890ம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு நாட்டிலிருந்தும் வந்தவர்கள் எத்தனை பேர் இருந்தார்களோ, அதில் 2 சதவீதம் பேர் மட்டும் இனி ஒவ்வொரு வருடமும் வரலாம். ஏன் 1890? இத்தாலியர்களும் கிழக்கு ஐரோப்பியர்களும் பெரும் எண்ணிக்கையில் வந்தது அதற்குப் பிறகுதானே! பழைய கணக்கை எடுத்தால் அவர்களுக்கு இடம் தானாகவே குறைந்துவிடும்.

விளைவு என்ன? போருக்கு முன்பு சில வருடங்களில் 2 லட்சத்துக்கும் மேல் வந்துகொண்டிருந்த இத்தாலியர்களுக்கு, இனி வருடத்துக்கு 3,845 இடம். மதுவிலக்குக் கால ஹோட்டல்களில் ஸ்பகெட்டி தட்டுகள் காலியாகிக்கொண்டிருந்த அதே வருடம் இது.

இந்த முரண் இத்தாலியர்களுக்கு மட்டும் நடந்ததில்லை. சீனர்களைத் தடுக்கும் சட்டம் 1882 முதல் 1943 வரை அமலில் இருந்தது. அந்த 61 வருடங்களுக்குள்தான் 'சாப் சூயி' என்ற சீன உணவு அமெரிக்க நகரங்களில் ஃபேஷனாக மாறியது. அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் சமையலை உருவாக்கியதில் பெரும் பங்கு கறுப்பினத்தவர்களுடையது. அவர்கள் சமைத்ததைச் சாப்பிட்டவர்கள், பல பத்தாண்டுகளுக்குத் தங்கள் பக்கத்து மேசையில் அவர்களை உட்கார விடவில்லை.

ஒரு சமூகத்தின் சாப்பாட்டை ரசிப்பதும், அந்தச் சமூகத்தைச் சமமாக நடத்துவதும் ஒன்றுதான் என்று நாம் பல நேரம் நினைத்துக்கொள்கிறோம். வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

1942: அதே வருடம், இரண்டு இத்தாலியர்கள்

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி எதிரி நாடானது. அமெரிக்கக் குடியுரிமை பெறாத சுமார் 6 லட்சம் இத்தாலியர்கள் 'எதிரி நாட்டு அந்நியர்கள்' என்று அறிவிக்கப்பட்டார்கள். அடையாள அட்டை, நடமாட்டக் கட்டுப்பாடு, சில இடங்களில் ஊரடங்கு. மேற்குக் கடற்கரையில் ஆயிரக்கணக்கானோர் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருந்தது.

அப்படிக் கட்டுப்பாட்டில் சிக்கியவர்களில் ஒருவர் ஜியுசெப்பே டிமாஜியோ. சான்ஃபிரான்சிஸ்கோ மீனவர். பல வருடமாகத் தொழில் செய்த துறைமுகத்துக்கே அவர் போகக் கூடாது என்றானது. அவருடைய மகன் ஜோ டிமாஜியோ, அப்போது அமெரிக்காவே கொண்டாடிக்கொண்டிருந்த பேஸ்பால் நட்சத்திரம்!

அதே காலத்தில், பென்சில்வேனியாவில் இருந்த பொயார்தியின் தொழிற்சாலை இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. யாருக்காக? அமெரிக்க ராணுவத்துக்காக. ஸ்பகெட்டி டப்பாக்கள் போர்முனைக்குப் போயின. அந்தச் சேவைக்காக அமெரிக்கப் போர்த் துறை அவரைக் கௌரவித்தது.

இத்தாலியர்கள் மீதான கட்டுப்பாடு 1942 அக்டோபரில் நீக்கப்பட்டது. ஜப்பானிய வம்சாவளியினர் நிலை இதைவிடப் பல மடங்கு கொடுமை. சுமார் 1,20,000 பேர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் அமெரிக்கக் குடிமக்கள். இத்தாலியர்களுக்கு நடந்தது அநீதி என்று ஒப்புக்கொள்ளும் சட்டம் 2000ல்தான் வந்தது.

அப்படியானால் எது அவர்களை ஏற்கவைத்தது?

பீட்சாவும் ஸ்பகெட்டியும் உதவியிருக்கலாம். ஆனால் கதவைத் திறந்த சாவிகள் வேறு.

முதல் சாவி குடியுரிமை. அமெரிக்கச் சட்டம் அப்போது 'வெள்ளையர்'களுக்கும், ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கும் மட்டும்தான் குடியுரிமை விண்ணப்பத்தை அனுமதித்தது. தெருவில் எவ்வளவு கேவலமாக நடத்தப்பட்டாலும், சட்டத்தின் கண்ணில் இத்தாலியர்கள் வெள்ளையர்கள். அதனால் குடியுரிமை கிடைத்தது. குடியுரிமையோடு ஓட்டு வந்தது. ஓட்டோடு தலைவர்கள் வந்தார்கள். இத்தாலியக் குடியேறியின் மகனான ஃபியொரெல்லோ லா கார்டியா, 1934 முதல் 1945 வரை நியூயார்க் மேயராக இருந்தார்.

அடுத்தது தொழிற்சங்கம். தையல் தொழிலிலும் கட்டட வேலையிலும் இத்தாலியர்கள் சங்கமாகத் திரண்டு கூலியை உயர்த்திக்கொண்டார்கள். பிறகு, லட்சக்கணக்கான இத்தாலிய அமெரிக்கர்கள் இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையில் சேர்ந்தார்கள். திரும்பி வந்தவர்களுக்கு 1944ம் ஆண்டுச் சட்டம் ஒன்றின் மூலம் கல்லூரிப் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் அரசு உதவியது. நெருக்கமான லிட்டில் இத்தாலி தெருக்களிலிருந்து புறநகர் வீடுகளுக்குக் குடும்பங்கள் நகர்ந்தன. அதே உதவி கறுப்பின வீரர்களில் பெரும்பாலோருக்கு நடைமுறையில் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கதையைப் படிக்க வேண்டும்.

பீட்சா அமெரிக்கா முழுக்கப் பரவியதும் இந்தக் காலத்தில்தான். நிலக்கரிக்குப் பதில் கேஸ் அடுப்பு வந்தது. புறநகர், கார், டிவி, போன் செய்தால் வீட்டுக்கே டெலிவரி என்று வாழ்க்கை மாறியது. 1943லேயே சிகாகோவில் பீட்சேரியா ஊனோ, ஆழமான தட்டில் சுடும் புது வகையைக் கொண்டுவந்திருந்தது. அப்புறம்தான் நாம் தொடக்கத்தில் பார்த்த விசிட்டா சகோதரர்களும் மிச்சிகன் சகோதரர்களும் வருகிறார்கள். ஒரு சாப்பாட்டை, அதைக் கொண்டுவந்த சமூகத்துக்கு வெளியே உள்ளவர்கள் பெரிய கம்பெனியாக்கும்போது, அது நாட்டுச் சாப்பாடாகிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். லாபம் யாருக்குப் போனது என்பது தனிக் கேள்வி.

'ஒரிஜினல்' எது?

பீட்சாவில் அன்னாசிப்பழம் போடலாமா என்று ஆஃபீஸில் சண்டை போட்டிருப்பீர்கள். தகவலுக்காக: 1962ல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அதைச் செய்தவர் சாம் பனோபுலஸ், கிரேக்கக் குடியேறி. ஹவாய் தீவுக்கும் இத்தாலிக்கும் அதில் சம்பந்தம் இல்லை.

வெள்ளை சாஸில் மிதக்கும் ஃபெட்டுசினே ஆல்ஃபிரடோ? ரோம் நகரத்தில் ஆல்ஃபிரடோ தி லெலியோ என்பவர் செய்தது வெண்ணெயும் பார்மிஜானோ சீஸும் மட்டும் சேர்த்துத்தான். 1920ல் தேனிலவுக்குப் போன ஹாலிவுட் ஜோடி டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸும் மேரி பிக்ஃபோர்டும் அதை அமெரிக்காவில் பிரபலமாக்கினார்கள். க்ரீம் சேர்ந்தது அமெரிக்காவில்.

எல்லாவற்றுக்கும் மேல், இத்தாலியச் சமையலின் உயிரான தக்காளியே அமெரிக்கக் கண்டத்தின் செடி. 16ம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் வழியாக ஐரோப்பாவுக்கு வந்தது. நம் வத்தக்குழம்பின் மிளகாயும் ரசத்தின் தக்காளியும் அதே கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதான். எனவே 'இது எங்க ஒரிஜினல்' என்று யார் சொன்னாலும், எந்த வருடத்து ஒரிஜினல் என்று கேட்டுப் பாருங்கள்.

இதில் நமக்கு என்ன இருக்கிறது?

நேரடியாகவே இருக்கிறது. இத்தாலியர்களுக்கு 3,845 இடமாவது கொடுத்த 1924ம் ஆண்டுச் சட்டம், குடியுரிமைக்குத் தகுதி இல்லாதவர்கள் குடியேறவே கூடாது என்றது. அந்தத் தகுதி இல்லாதவர்களில் இந்தியர்களும் அடக்கம். அதற்கு முந்தைய வருடம், 1923ல், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்த பகத் சிங் திண்ட் என்ற பஞ்சாபியரின் வழக்கில், இந்தியர்கள் 'வெள்ளையர்' கிடையாது, எனவே குடியுரிமை இல்லை என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. 1946ல் நிலைமை கொஞ்சம் தளர்ந்தது: குடியுரிமை பெறலாம், ஆனால் மொத்த இந்தியாவுக்கும் வருடத்துக்கு 100 இடம்.

இந்த நாட்டுவாரிக் கணக்கை 1965ம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஒழித்தது. அதற்காகப் பல வருடம் குரல் கொடுத்தவர்களில், 1924ல் கதவடைக்கப்பட்ட இத்தாலியர்களின் பிள்ளைகளும் இருந்தார்கள். அந்தச் சட்டம் திறந்த வழியில்தான் இந்திய டாக்டர்களும் இன்ஜினியர்களும் போனார்கள். இன்று உங்கள் டீமில் யாராவது கிரீன் கார்டுக்காகக் காத்திருந்தால், அவர் நிற்கும் வரிசையும் அங்கேதான் தொடங்குகிறது. ஒரு நாட்டுக்கு இத்தனை சதவீதம்தான் என்ற உச்சவரம்பு வேறு வடிவத்தில் இன்னும் இருக்கிறது.

அதனால், வெளிநாட்டில் தோசைக்கடை வாசலில் கூட்டம் நிற்கிறது என்ற வீடியோ அடுத்த முறை கண்ணில் பட்டால் தாராளமாக ஷேர் செய்யுங்கள். கூடவே அந்த நாட்டின் விசா விதி, குடியுரிமைச் சட்டம், சமையலறையில் வேலை செய்பவரின் சம்பளம் பற்றிய செய்தி வந்தால் அதையும் படித்துவிடுங்கள். சென்னையிலோ பெங்களூரிலோ உங்களுக்கு மோமோ ஆவியில் வேகவைத்துத் தருபவருக்கு, அந்தத் தெருவில் வாடகைக்கு வீடு கிடைக்கிறதா என்று கேட்பதும் இதே கேள்விதான்.